கி.மீ./மணியை மீ/விநாடி ஆக்கும்போது பெருக்குவதா, வகுப்பதா? ஒவ்வொரு முறையும் மாறிப்போகிறது

ரயில்கணக்கு:

எல்லோருக்கும் வணக்கம். போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். கணிதத்தில் மற்ற பகுதிகள் ஓரளவு வந்துவிட்டன. அலகு மாற்ற வேண்டிய வேகக் கணக்கு வந்தால் மட்டும் கை நின்றுவிடுகிறது.

5/18, 18/5 என்று இரண்டு பின்னங்களை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். எதை எப்போது போடுவது என்பதுதான் மனதில் நிற்க மாட்டேன் என்கிறது. நேற்று மாதிரித் தேர்வில் வந்த கேள்வி: 240 மீட்டர் நீளமுள்ள ரயில் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போகிறது, ஒரு கம்பத்தைக் கடக்க எத்தனை விநாடி ஆகும்? நான் 72ஐ 18/5 ஆல் பெருக்கினேன், 259.2 வந்தது. 240ஐ அதால் வகுத்தால் 0.93 விநாடி. கொடுத்த நான்கு விடைகளிலும் அது இல்லை. அப்போதுகூட எங்கே தப்பு என்று பிடிபடவில்லை.

என் உண்மையான சந்தேகம் இதுதான். கிலோமீட்டரை மீட்டர் ஆக்க 1000ஆல் பெருக்குகிறோம். மணியை விநாடி ஆக்கவும் 3600ஆல் பெருக்குகிறோம். இரண்டுமே பெரிய அலகிலிருந்து சிறிய அலகுக்குப் போவதுதான். பிறகு ஏன் வேகத்தில் ஒன்றைப் பெருக்கி மற்றதை வகுக்கிறார்கள்?

வேகவிடை:

இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை நண்பரே. கி.மீ./மணியிலிருந்து மீ/விநாடிக்குப் போனால் 5/18. திரும்பி வந்தால் 18/5. விடை சிறிதாக வேண்டுமென்றால் சிறிய எண் மேலே, அவ்வளவுதான். தேர்வில் ஒரு கணக்குக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது.

ரயில்கணக்கு:

விடை சிறிதாக வேண்டுமா பெரிதாக வேண்டுமா என்பதுதானே எனக்குத் தெரியாமல் இருக்கிறது!

சாக்பீஸ்:

உங்கள் சந்தேகம் மிக நல்ல சந்தேகம். இருபது வருடமாகக் கணக்குப் பாடம் எடுக்கிறேன், இதைக் கேட்காமலேயே பள்ளி முடித்துப் போகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

முதலில் அந்த இரண்டு பின்னங்களையும் மறந்துவிடுங்கள். மணிக்கு 72 கி.மீ. என்பதை ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள்.

1 மணி நேரத்தில் 72 கிலோமீட்டர்.

இப்போது இரண்டு பக்கமும் அலகை மாற்றுங்கள். நீங்கள் சொன்ன மாதிரியே இரண்டு இடத்திலும் பெருக்கல்தான்.

3600 விநாடியில் 72,000 மீட்டர்.

இங்கே வகுத்தலே இல்லை, பார்த்தீர்களா? இந்த வாக்கியம் அப்படியே உண்மை. ஆனால் கேள்வி கேட்பது 3600 விநாடியில் எவ்வளவு என்று இல்லை, ஒரு விநாடியில் எவ்வளவு என்று. அந்த 3600ஐ 1 ஆக்கத்தான் இரண்டு பக்கத்தையும் 3600ஆல் வகுக்கிறோம்.

1 விநாடியில் 20 மீட்டர்.

உங்கள் ரயில் 240 மீட்டர். விநாடிக்கு 20 மீட்டர் என்றால் கம்பத்தைக் கடக்க 12 விநாடி.

ஆக, வகுத்தல் வருவது அலகு மாற்றத்தால் இல்லை. அலகு வீதம் என்றாலே கீழே உள்ளது ‘ஒன்று’ ஆக இருக்க வேண்டும். அலகை மாற்றியதும் அந்த ஒன்று 3600 ஆகிவிடுகிறது. அதைத் திரும்ப ஒன்றுக்குக் கொண்டுவருகிறோம், அதுதான் அந்த வகுத்தல்.

ரயில்கணக்கு:

டீச்சர், இதை நான்கு தடவை படித்தேன். ‘3600 விநாடியில் 72,000 மீட்டர்’ என்ற வரியில்தான் புரிந்தது. இத்தனை நாள் அந்த நடுவரியை யாரும் எழுதிக் காட்டியதே இல்லை.

குழாய்ப்பொறியாளர்:

டீச்சர் சொன்னதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அலகு நிறைய சேர்ந்து வரும்போது வாக்கியம் எழுதிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. நாங்கள் வேலையில் செய்வது சங்கிலி மாதிரிப் பெருக்குவது.

1000 மீட்டரும் 1 கிலோமீட்டரும் ஒரே நீளம். அதனால் (1000 மீ ÷ 1 கி.மீ.) என்ற பின்னத்தின் மதிப்பு 1. எதை 1 ஆல் பெருக்கினாலும் அளவு மாறாது, அலகு மட்டும்தான் மாறும். அதே மாதிரி (1 மணி ÷ 3600 வி) என்பதும் 1.

72 கி.மீ./மணி × (1000 மீ / 1 கி.மீ.) × (1 மணி / 3600 வி) = 20 மீ/வி

மேலே ஒரு கி.மீ., கீழே ஒரு கி.மீ., அடித்துவிடுங்கள். மணியும் அப்படியே. மிஞ்சுவது மீட்டரும் விநாடியும். பின்னத்தை எந்தப் பக்கம் வைப்பது என்ற கேள்விக்கு இங்கே இடமே இல்லை. எந்த அலகைத் துரத்த வேண்டுமோ அது எதிர்ப்பக்கம் வரும்படி வையுங்கள், தீர்ந்தது. தலைகீழாக வைத்துவிட்டால் அலகு அடிபடாது, மணியின் வர்க்கம் மாதிரி ஏதோ ஒன்று வந்து நிற்கும். பார்த்த உடனே தெரிந்துவிடும்.

ஒரே ஒரு நிபந்தனை: எண்ணோடு அலகையும் ஒவ்வொரு வரியிலும் எழுத வேண்டும். கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இந்த முறையால் ஒரு பயனும் இல்லை.

வேகவிடை:

முறை சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு கணக்குக்கும் இவ்வளவு எழுதினால் தேர்வு முடிவதற்குள் பாதித் தாள்தான் முடியும்.

சாக்பீஸ்:

நேரம் முக்கியம்தான். ஒரு தடவை புரிந்தபிறகு குறுக்குவழி வைத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் பின்னமாக வேண்டாம், சமன்பாடாக வைத்துக்கொள்ளுங்கள்.

18 கி.மீ./மணி = 5 மீ/வி

இதைத் தலைகீழாகப் போட முடியாது, ஏனென்றால் இரண்டு எண்களும் தங்கள் அலகோடு நிற்கின்றன. 72 என்பது 18ஐப் போல் நான்கு மடங்கு, அதனால் 5ஐப் போல் நான்கு மடங்கு, 20. 54 என்றால் மூன்று மடங்கு, 15. 90 என்றால் 25. மனக்கணக்காகவே வந்துவிடும்.

வேகவிடை:

இது நன்றாக இருக்கிறது டீச்சர். இத்தனை நாள் பின்னமாகவே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இனி இப்படித்தான்.

இரவுப்பணி:

தம்பி, நான் செவிலியர். உங்களுக்கு இது தேர்வு. எங்களுக்கு இது தினமும் நோயாளி படுக்கைக்குப் பக்கத்தில் நின்று செய்கிற வேலை. அதனால் இந்த இழையை விட்டுப் போக மனம் வரவில்லை.

மருத்துவர் எழுதுவார், 500 மி.லி. சலைனை 6 மணி நேரத்தில் ஏற்று என்று. ஆனால் குழாயில் மணிக்கு எத்தனை மி.லி. போகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. சொட்டைத்தான் எண்ண முடியும். அதனால் மி.லி./மணி என்பதைச் சொட்டு/நிமிடம் ஆக்க வேண்டும். ட்ரிப் செட் (சலைன் இறங்கும் குழாய்) உறையிலேயே ஒரு மி.லி.க்கு எத்தனை சொட்டு என்று அச்சிட்டிருப்பார்கள். சாதாரண செட் என்றால் 20, மைக்ரோ செட் என்றால் 60.

(500 மி.லி. / 6 மணி) × (20 சொட்டு / 1 மி.லி.) × (1 மணி / 60 நிமிடம்) = 27.8, அதாவது நிமிடத்துக்கு 28 சொட்டு.

கையில் கடிகாரத்தைச் சொட்டு விழும் சிறு அறைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு 15 விநாடி எண்ணுவேன். 7 சொட்டு விழுந்தால் சரி. எட்டாவது விழுந்தால் குழாயை நெரிக்கும் உருளையைக் கொஞ்சம் இறுக்குவேன், திரும்பவும் 15 விநாடி.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூட இருந்த ஒரு பெண் மைக்ரோ செட்டுக்குப் பழகியவள். மைக்ரோ செட்டில் 60ஆல் பெருக்கி 60ஆல் வகுப்பதால் மி.லி./மணி எவ்வளவோ அதே எண்தான் சொட்டு/நிமிடமும். மணிக்கு 83 மி.லி. என்றால் நிமிடத்துக்கு 83 சொட்டு. அவளுக்கு அது ஒரு விதி மாதிரி மனதில் பதிந்துவிட்டது. அன்று மாட்டியிருந்தது 20 சொட்டு செட். அதிலும் 83 சொட்டு வைத்துவிட்டாள். கணக்குப் போட்டுப் பாருங்கள், மணிக்கு 250 மி.லி. ஏறும், ஆறு மணி நேரத்துக்கானது இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். பத்து நிமிடத்துக்குள் மூத்த அக்கா ஒருவர் பார்த்துக் குறைத்துவிட்டார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து நான் உறையைப் படிக்காமல் குழாயைத் தொடுவதில்லை. மாற்றுக் காரணி எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எண்ணை மட்டும் நம்பக் கூடாது.

ரயில்கணக்கு:

அக்கா, படிக்கும்போதே பதறிவிட்டது. நான் ஏதோ மதிப்பெண் விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று முயற்சி செய்தேன், சரியா பாருங்கள். இரும்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.8 கிராம். இதைக் கி.கி./கன மீட்டர் ஆக்க வேண்டும்.

7.8 கிராம்/கன செ.மீ. × (1 கி.கி. / 1000 கிராம்) × (100 / 1) = 0.78 கி.கி./கன மீட்டர்.

குழாய்ப்பொறியாளர்:

முறை சரி, ஆனால் மூன்றாவது பின்னத்தில் அலகு எழுதவில்லை. எழுதியிருந்தால் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். (100 செ.மீ. / 1 மீ) என்று வைத்தால் ஒரு செ.மீ. மட்டும்தான் அடிபடும். கீழே இருப்பது கன சென்டிமீட்டர், அதாவது செ.மீ. × செ.மீ. × செ.மீ. மூன்றையும் துரத்த அந்தப் பின்னத்தை மூன்று தடவை போட வேண்டும். 100 × 100 × 100 = 10,00,000.

7.8 ÷ 1000 × 10,00,000 = 7,800 கி.கி./கன மீட்டர்.

சதுரத்துக்கும் இதே கதைதான். ஒரு சதுர மீட்டரில் 100 இல்லை, 10,000 சதுர செ.மீ.

சாக்பீஸ்:

அதோடு, விடை வந்ததும் அதைக் கண்ணால் பார்க்கப் பழகுங்கள். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள இரும்புக் கட்டி முக்கால் கிலோதான் இருக்குமா? ஒரு கையால் தூக்கிவிடலாமே! உங்கள் முதல் கணக்கும் அப்படித்தான். விநாடிக்கு 259 மீட்டர் என்றால் அது ரயில் இல்லை, விமானம் பறக்கும் வேகம். கணக்கைத் திரும்பப் போடுவதற்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்டால் பாதிப் பிழை அங்கேயே பிடிபடும்.

எரிபொருள்மானி:

இவ்வளவு நல்ல இழையில் தலைகீழ் வீதங்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. வண்டி எரிபொருளைச் சில நாடுகளில் கேலனுக்கு எத்தனை மைல் என்று சொல்கிறார்கள், சில நாடுகளில் 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று. இரண்டுக்கும் நடுவே பெருக்கிப் போட ஒரு காரணி தேடினால் கிடைக்காது. ஒன்றில் தூரம் மேலே, மற்றதில் தூரம் கீழே.

ஒரு மைல் 1.609344 கி.மீ. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். கேலனுக்கு 30 மைல் என்றால்:

30 × 1.609 ÷ 3.785 = லிட்டருக்கு 12.75 கி.மீ.

இதைத் திருப்பிப் போட வேண்டும். 1 ÷ 12.75 லிட்டர் ஒரு கி.மீ.க்கு, 100 கி.மீ.க்கு 7.84 லிட்டர். 60 மைல் என்றால் இரட்டிப்பு ஆகாது, பாதி ஆகும், 3.92 லிட்டர்.

இதில் ஒரு பெரிய ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. கேலனுக்கு 10 மைல் ஓடும் வண்டியை விட்டு 20 மைல் ஓடும் வண்டி வாங்குபவர் 100 கி.மீ.க்கு 11.76 லிட்டர் மிச்சப்படுத்துகிறார். 30லிருந்து 60க்குப் போகிறவர் மிச்சப்படுத்துவது 3.92 லிட்டர்தான். மைல் கணக்கில் பார்த்தால் இரண்டாமவர் கூடுதலாகச் சாதித்த மாதிரி தோன்றும். எரிபொருளை மிச்சப்படுத்துவதுதான் நோக்கம் என்றால் எரிபொருள் மேலே இருக்கும் வீதத்தில் பார்க்க வேண்டும்.

அப்புறம், பிரிட்டிஷ் கேலன் வேறு, 4.546 லிட்டர். அதே 30 மைல் அங்கே லிட்டருக்கு 10.62 கி.மீ. தான். கேலன் என்ற ஒரே பெயரில் இரண்டு அளவு இருப்பதால் எந்தக் கேலன் என்று கேட்காமல் தொடங்கக் கூடாது.

குழாய்ப்பொறியாளர்:

எனக்கு மிகவும் பிடித்த ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். லிட்டர்/கி.மீ. என்றால் கன அளவைத் தூரத்தால் வகுப்பது. அலகை அடித்துப் பாருங்கள், மிஞ்சுவது பரப்பளவு! 100 கி.மீ.க்கு 8 லிட்டர் என்பது 0.08 சதுர மில்லிமீட்டர். வண்டி போகும் பாதை முழுக்க எரிபொருளை ஒரு மெல்லிய நூலாக நீட்டி வைத்தால் அந்த நூலின் குறுக்குவெட்டு அது. விட்டம் 0.3 மி.மீ. சொச்சம். அந்த நூலை உறிஞ்சிக்கொண்டேதான் வண்டி ஓடுகிறது.

மழையும் அப்படித்தான். ஒரு மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். மணிக்கு 25 மி.மீ. பெய்தால் 100 சதுர மீட்டர் கூரையிலிருந்து மணிக்கு 2,500 லிட்டர், நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 லிட்டர் இறங்கும். குழாய் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று இதை வைத்துத்தான் முடிவு செய்கிறோம்.

மேகமூட்டம்:

வெப்பநிலை வீதத்தில் நான் விழுந்த குழியைச் சொல்கிறேன். திட்ட வளிமண்டலத்தில் (கணக்குக்காகப் பொதுவாக வைத்துக்கொண்ட மாதிரி வளிமண்டலம்) முதல் 11 கி.மீ. வரை ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். இதை 1000 அடிக்கு எத்தனை ஃபாரன்ஹீட் என்று மாற்ற வேண்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு 6.5 × 1.8 + 32 என்று போட்டு 43.7 எடுத்தேன்.

அந்த 32 இங்கே வரவே கூடாது. அது இரண்டு அளவுகோல்களும் வெவ்வேறு இடத்தில் தொடங்குவதால் வருவது. இங்கே இருப்பது வெப்பநிலை இல்லை, வெப்பநிலை வேறுபாடு. வேறுபாட்டுக்குத் தொடக்கப் புள்ளி கிடையாது. 6.5 × 1.8 = கி.மீ.க்கு 11.7 டிகிரி ஃபாரன்ஹீட். 1000 அடி 0.3048 கி.மீ. ஆக 1000 அடிக்கு 3.57 டிகிரி.

எரிபொருள்மானி:

அலகை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1983இல் நடந்ததைச் சொல்லாமல் இந்த இழை முழுமையாகாது. அந்த ஆண்டு ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்று மாண்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மண்டனுக்குக் கிளம்பியது. எரிபொருள் மானி வேலை செய்யவில்லை. அதனால் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று கையால் அளந்து, லிட்டரைக் கிலோகிராம் ஆக்கிக் கணக்குப் போட்டார்கள். கனடா அப்போது மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம்.

தேவை 22,300 கி.கி. தொட்டியில் இருந்தது 7,682 லிட்டர். அவர்கள் கையில் இருந்த காரணி 1.77. போட்ட கணக்கு:

7,682 × 1.77 = 13,597
22,300 − 13,597 = 8,703
8,703 ÷ 1.77 = 4,916 லிட்டர் ஏற்ற வேண்டும்.

ஒவ்வொரு வரியும் கூட்டல் கழித்தல் பிழையே இல்லாத கணக்கு. ஆனால் 1.77 என்பது லிட்டருக்கு 1.77 பவுண்டு. கிலோகிராமில் அது 0.803. சரியாகப் போட்டிருந்தால் 7,682 லிட்டர் 6,169 கி.கி. தான், இன்னும் 20,088 லிட்டர் ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றியது அதில் கால் பங்கு. விமானம் 22,300 பவுண்டு எரிபொருளோடு கிளம்பியது, 22,300 கிலோகிராம் என்ற நம்பிக்கையில்.

ஏறக்குறைய 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீரத் தொடங்கி, இரண்டு எஞ்சினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. விமானிகள் அதைச் சறுக்கு விமானம் மாதிரி மிதக்கவிட்டு, கிம்லி என்ற இடத்தில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார்கள். 69 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

இரவுப்பணி:

வெறும் 1.77. பக்கத்தில் ‘பவுண்டு/லிட்டர்’ என்று எழுதியிருந்தால் முதல் வரியிலேயே லிட்டர் அடிபட்டுப் பவுண்டு மிஞ்சியிருக்கும். அடுத்த வரியில் கிலோவிலிருந்து பவுண்டைக் கழிக்க யாருக்கும் கை வந்திருக்காது. எங்கள் ட்ரிப் செட் கதையும் இதுவேதான்.

ரயில்கணக்கு:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இன்று காலை இதை யாரையும் கேட்காமல் போட்டேன். 150 மீட்டர் ரயில், 300 மீட்டர் பாலம், மணிக்கு 90 கி.மீ.

90 கி.மீ./மணி × (1000 மீ / 1 கி.மீ.) × (1 மணி / 3600 வி) = 25 மீ/வி
டீச்சரின் சமன்பாட்டிலும் பார்த்தேன், 18ஐப் போல் ஐந்து மடங்கு, அதே 25 மீ/வி.
ரயில் முழுவதும் கடக்க 150 மீ + 300 மீ = 450 மீ
450 மீ ÷ 25 மீ/வி = 18

சாக்பீஸ்:

அருமை. பாலத்தோடு ரயிலின் நீளத்தையும் சேர்த்தது எனக்கு ரொம்ப சந்தோஷம். கடைசி வரியில் 18க்குப் பக்கத்தில் அலகை எழுதிவிடுங்கள்.

ரயில்கணக்கு:

18 விநாடி.